ஹீரோஸ் 3: முதல் ஆட்டத்துக்கு கேசிலா, நெக்ரோபோலிஸா?

1999இல் வந்த ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்ற கணினி வியூக விளையாட்டை ஆடத் தொடங்குபவர்கள் முதலில் தடுமாறுவது நகரத் தேர்வில்தான். கேசில் மனிதர்களும் ஏஞ்சல்களும் உள்ள நகரம்; நெக்ரோபோலிஸ் செத்தும் நடமாடும் படைகளின் நகரம்.

படை சேர்ப்பது
கேசில்: தங்கம் தந்தால்தான் ஆள். ஏஞ்சல்களைச் சேர்க்க உதவும் கட்டடத்துக்கு மட்டும் 20,000 தங்கம் ஆகும்.
நெக்ரோபோலிஸ்: வென்ற சண்டையில் செத்தவர்களில் ஒரு பங்கு எலும்புக்கூடாக எழுந்து உங்களோடு சேரும், இலவசமாக!

சண்டை
கேசில்: மார்க்ஸ்மேன் என்ற வில்லாளி தன் ஒரு முறைக்கு இரண்டு அம்பு விடுவார். எதிரி அவரை நெருங்காதபடி காவலுக்கு வேறு படையை நிறுத்துங்கள், போதும். மன உறுதி ஏறினால் சில சமயம் கூடுதல் முறையும் கிடைக்கும்.
நெக்ரோபோலிஸ்: மன உறுதி ஏறாது, இறங்காது. ஆனால் ரத்தக் காட்டேரியான வேம்பயர் லார்டு அருமையான படை. உயிருள்ள எதிரியை அடித்து, உறிஞ்சிய உயிரில் விழுந்த தன் கூட்டத்தையே எழுப்பும். திருப்பி அடியும் வாங்காது.

அடிப்படை பழக, சின்ன வரைபடத்துக்கு கேசில். பெரிய வரைபடத்தில் பொறுமையாகப் படை பெருக்க நெக்ரோபோலிஸ். அதில் உயிருள்ள படையை மட்டும் கலக்காதீர்கள், அவர்களின் மன உறுதி சரியும்.