காசு கொடுத்து வாங்கிய காரின் பல்லை எண்ணாமல் விட்டேன்

"ரேஸ் ரெடி, செட்டப் எல்லாம் முடிஞ்சது, பேட்டரி மாட்டி ஓட்டினா போதும்" என்று யாராவது பழைய ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) டூரிங் கார் விற்க வந்தால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. இரண்டு மோட்டார் போயிற்று, ஒரு பேட்டரி போயிற்று, ஐந்து வாரம் போயிற்று.

நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, பெல்ட் டிரைவ், 17.5 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார். விற்றவர் பல வருடமாக ரேஸ் ஓட்டுபவர். பெயர் வேண்டாம். காலியான ஒரு இடத்தில் அவரே இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். நேர்ப்பாதையில் கார் அம்பு மாதிரி போனது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. இருந்தாலும் விவரம் தெரிந்தவன் மாதிரி, "கியர் எவ்வளவு சார்?" என்று கேட்டேன். "நாலரை. பதினேழரைக்கு அதுதான் சேஃப்" என்றார். பட்டென்று எண்ணைச் சொல்கிறாரே, இவரிடம் வாங்கலாம் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

புதியவர்களுக்காக இந்த 'நாலரை' என்ன என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் அது, எஃப்டிஆர் என்பார்கள். ஸ்பர் என்கிற பெரிய கியரின் பற்களை, மோட்டார் தண்டில் மாட்டும் சின்னக் கியரான பினியனின் பற்களால் வகுத்து, காரின் உள் விகிதத்தால் பெருக்க வேண்டும். உள் விகிதம் காரோடு வரும் கையேட்டில் இருக்கும். என் காருக்கு 1.9. எஃப்டிஆர் குறையக் குறைய உச்ச வேகம் கூடும், மோட்டாருக்குச் சுமையும் கூடும். பினியனில் பல் கூடினால் எஃப்டிஆர் குறையும். இது தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் எல்லோருக்கும் குழம்பும். எனக்கும் குழம்பியது, அதனால்தான் கணக்குப் போடாமல் விட்டேன்.

முதல் ரேஸ் நாளில் பரிசோதனை மேசையிலேயே மாட்டிக்கொண்டேன். நான் பதிவு செய்திருந்தது 'பிளிங்கி' வகுப்பு. அதாவது ஸ்பீடு கன்ட்ரோலரில் எலக்ட்ரானிக் டைமிங் (மோட்டாரை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும் வசதி) முழுக்க அணைந்திருக்க வேண்டும்; அணைந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக அதன் விளக்கு விட்டுவிட்டு மின்னும். என் காரில் மின்னவே இல்லை. விற்றவர் பூஸ்ட், அதாவது அந்த எலக்ட்ரானிக் டைமிங், போட்டு வைத்திருந்தார். அவர் ஓட்டிக் காட்டிய வேகத்தில் பாதி அந்தப் பூஸ்டின் வேகம். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், திட்டாமல் மாற்றிக் கொடுத்தார்.

பிளிங்கியில் ஓடியபோது காரின் குணமே வேறு. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஏதோ சேற்றில் சிக்கியது போல இழுத்தது. ரேஸ் ஐந்து நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் நேர்ப்பாதையிலும் வேகம் செத்துவிட்டது. நான்காவதில் ஸ்பீடு கன்ட்ரோலர் சூடேறித் தானே அணைந்தது. காரை எடுத்தால் சுட்ட எனாமல் வாடை. பக்கத்து மேசைக்காரர் வெப்பமானியைக் காட்டினார்: 104 டிகிரி செல்சியஸ். பெரும்பாலானவர்கள் 80-ஐத் தாண்ட விடமாட்டார்கள். அதற்கு மேல் போனால் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரின் காந்தம் பலவீனமாகும். ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பாது. பலம் இழந்த காந்தத்தோடு மோட்டார் சுமையில்லாமல் முன்னைவிட வேகமாகச் சுற்றும். அதைக் கேட்டு மோட்டார் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். முறுக்குவிசை போயிருக்கும், கரன்ட்டை அதிகமாக இழுக்கும், இன்னும் சுடும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "உங்க த்ராட்டில் கை சரியில்ல சார். அந்த மோட்டாரும் கொஞ்சம் பழசு. என்கிட்ட புதுசு ஒண்ணு இருக்கு" என்றார். வாங்கினேன். ஆம், வாங்கினேன்! கியரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. புது மோட்டாரை அதே பினியனோடு மாட்டி, மோட்டாரின் பின்மூடியைத் திருப்பி அதன் சொந்த டைமிங்கையும் ஏற்றி, "இப்போ பாருங்க" என்று அனுப்பினார். டைமிங் ஏற்றினால் மோட்டார் சுற்று கூடும், கரன்ட்டும் கூடும். அதனால் பினியனில் பல்லைக் குறைக்க வேண்டும். இது நான் பின்னால் கற்றது. இரண்டாவது மோட்டார் இரண்டே ரேஸ் தாங்கியது.

அன்றைக்குக் காரைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தபோது வயதான ஒருவர் வந்து நின்றார். காரைத் தொடக்கூட இல்லை. "தம்பி, பினியன் எத்தனை பல்லு?"

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வாரமாக வைத்திருக்கிற கார்!

பினியனில் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும். என்னுடையதில் அந்த முகம் மோட்டார் பக்கம் திரும்பியிருந்தது. அப்படி மாட்டுவது தவறில்லை, ஸ்பரோடு நேர்படுத்தச் சிலர் அப்படித்தான் மாட்டுவார்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து எண்ணினேன். 49. நம்பாமல் கழற்றிப் பார்த்தேன், பின்பக்கம் 49 என்றுதான் இருந்தது. ஸ்பர் 96. கணக்குப் போட்டால் 3.72. நாலரைக்கு அருகில் வர 41 பல் பினியன் வேண்டும், அது 4.45. விற்றவர் சொன்னதற்கும் மாட்டியிருந்ததற்கும் எட்டுப் பல் வித்தியாசம். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நான் காசு கொடுத்தல்லவா வாங்கினேன்?

யோசித்துப் பார்த்தால் அவருடைய வேலை சுத்தமானது. பெரிய பினியன், பூஸ்ட், காலியான நீண்ட இடம், இரண்டே நிமிடம். மோட்டார் சூடேறித் தொய்வதற்குள் காட்சி முடிந்துவிடும். வளைவுகள் நெருங்கிய டிராக்கில் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நானும் கேட்கவில்லை, அவரும் நேரத்தை நீட்டவில்லை.

41 மாட்டியபோது மோட்டாரை ஒன்றரை மில்லிமீட்டர் போல ஸ்பர் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. மெஷ் (பற்கள் கோக்கும் இடைவெளி) சரியாக அமைய, இரண்டு கியருக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டை விட்டு, அழுத்தி, திருகை இறுக்கி, காகிதத்தை உருட்டி எடுத்தால் போதும். இரண்டு கியருக்கும் பிட்ச் (பல்லின் அளவு) ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 64 பிட்ச் ஸ்பரில் 48 பிட்ச் பினியனைப் போட்டால் சில சுற்றிலேயே பல் மாவாகிவிடும். கெட்டுப்போன ரோட்டாருக்குப் பதில் வேறு ரோட்டார் போட்டு, டைமிங்கையும் இறக்கி ஓட்டினேன். ஐந்து நிமிடம் முடிவில் 68 டிகிரி. நேர்ப்பாதையில் முன்பு பறந்த வேகம் இல்லை, ஆனால் கடைசிச் சுற்றும் முதல் சுற்றும் ஏறக்குறைய ஒரே நேரம்.

அப்புறம் 'செட்டப்' என்று அவர் தந்த தாள். அது காரைத் தயாரித்த நிறுவனம் கார்ப்பெட் டிராக்குக்கு வெளியிட்ட தாளின் நகல், அவ்வளவுதான். நான் ஓட்டுவது அஸ்பால்ட். ரைடு ஹைட் (சேஸிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 5.2 மில்லிமீட்டர் என்று தாளில் இருந்தது, அளந்தால் முன்பக்கம் நான்கு கூட இல்லை, சேஸி தரையில் உரசிய கோடுகள் தெரிந்தன. கார் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி திரும்பியது. கண்ணாடிப் பலகையில் வைத்தபோது சேஸி முறுக்கியிருந்தது தெரிந்தது. மேல்தட்டின் திருகுகளைத் தளர்த்தி, தட்டையாக அழுத்திப் பிடித்து மறுபடி இறுக்கியதும் பெருமளவு சரியாகிவிட்டது. டயர் ரப்பர் கெட்டித்துப் போனது. ஓட்டிக் காட்டுவதற்கு முன் பிடிப்பைக் கூட்டும் அடிட்டிவ் திரவம் தடவி ஊற வைத்திருந்ததால் அன்று மட்டும் பிடித்தது. பேட்டரியை மேசையில் வைத்தால் ஆடியது, அடிப்பக்கம் உப்பியிருந்தது. ஒரு செல்லின் உள் மின்தடை இன்னொன்றைவிட மூன்று மடங்கு. உப்பிய லைப்போ பேட்டரியை யாரும் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இதையெல்லாம் படத்தோடு அவருக்கு அனுப்பினேன். "நான் குடுத்தப்போ நல்லாத்தானே ஓடுச்சு" என்று ஒரு வரி வந்தது. உண்மைதான், இரண்டு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாவது மோட்டாரின் பணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

நீங்கள் போவதானால் மார்க்கர் பேனாவும் வெப்பமானியும் எடுத்துப் போங்கள். பினியனை உங்கள் கையால் எண்ணுங்கள், உள் விகிதத்தைக் கையேட்டில் பாருங்கள், விற்பவர் வாயால் கேட்காதீர்கள். கன்ட்ரோலர் விளக்கு மின்னுகிறதா என்று கவனியுங்கள். முழு ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லி, நிறுத்திய உடனே மோட்டாரை அளந்து பாருங்கள். "அவ்வளவு நேரம் எதுக்கு சார்?" என்று கேட்டால் கிளம்பிவிடுங்கள்.

போன வாரம் அவர் இன்னொரு டூரிங் கார் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 17.5 மோட்டார், ரேஸ் ரெடி, கியர் நாலரை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பினியனின் எண் பொறித்த முகம் இதிலும் மோட்டார் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.