நான்கு வருஷமாக என் வீடியோக்களுக்குக் கீழே ஓடும் இசை

மாடித்தோட்ட வீடியோ போட ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. பேச்சே இல்லாமல் மண் கலக்கும் காட்சி ஒரு நிமிஷம் ஓடினால் பார்ப்பவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்த மெதுவான எலெக்ட்ரானிக் இசைப் பக்கம் வந்தேன்.

'ராயல்டி ஃப்ரீ' என்றால் சும்மா கிடைப்பது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒருமுறை லைசன்ஸ் எடுத்துவிட்டால் ஓடும் ஒவ்வொரு தடவைக்கும் பணம் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் அதன் பொருள். காப்புரிமை இசையமைத்தவரிடமே இருக்கும்.

யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரியில் தொடங்கினேன். 2013 முதல் இருக்கிறது, காசு இல்லை, மனநிலை, நீளம் எல்லாம் பார்த்துத் தேடலாம். சிலவற்றுக்கு மட்டும் டிஸ்கிரிப்ஷனில் இசையமைத்தவர் பெயர் போட வேண்டும். குறை ஒன்றுதான்: ஊருக்கே அதே இசை. என் கத்தரி நாற்றுக்குப் போட்டது ஒருநாள் யாரோ வைத்த மீன் குழம்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது!

அப்புறம் கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது இசையமைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்கள் பயன்படுத்த விட்டுவைத்தது. லைசன்ஸ் பெயரோடு வரும் சின்ன எழுத்துகளில்தான் சிக்கல். பிஒய் என்றால் பெயர் போட்டால் போதும். என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. விளம்பரம் ஓடும் சேனல் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. என்டி என்றால் மாற்றம் செய்யக் கூடாது. காட்சியோடு சேர்ப்பதே மாற்றம் செய்வதாகக் கணக்காகிவிடும். இது தெரியாமல் போட்ட இரண்டு வீடியோக்களை நானே எடுத்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம் ஒரு தளத்தில் காசு கொடுத்து வாங்கிய இசைக்கே கன்டென்ட் ஐடி க்ளெய்ம் வந்தது, அதாவது பதிவான பாட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் தானியங்கி ஏற்பாடு 'இது வேறொருவருடையது' என்று சொன்னது. அதிலிருந்த லூப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு) வேறொருவர் தன் பாட்டில் வைத்து, அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருந்தார். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கிறது. க்ளெய்ம் என்பது ஸ்ட்ரைக் (சேனலுக்கு எதிரான எச்சரிக்கைப் புள்ளி) அல்ல, சேனலுக்கு ஆபத்தில்லை, வருமானம்தான் கைமாறும். ஐந்து நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே அந்தப் பணத்தை யாருக்கும் தராமல் நிறுத்தி வைக்கிறார்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம். என்னிடம் ரசீது இருந்தது, 19ஆம் நாள் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு இசையோடும் லைசன்ஸ் பிடிஎஃப்பையும் அதே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன்.

தேர்வு செய்வதில் எனக்கு ஒரே கறார்: குரல் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. நான் பேசும்போது பின்னால் இன்னொருத்தி 'ஊ' என்றால் உரம் எத்தனை கிராம் என்பது யார் காதிலும் விழாது. நிமிஷத்துக்கு 70 முதல் 90 தட்டு வேகம் போதும். பேச்சுக்குக் கீழே இசையை 20 டெசிபலாவது இறக்கிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, போன் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பார்க்கிறேன். அதில் பேஸ் என்கிற அடித்தொனி காணாமல் போய், ஹை-ஹாட் என்கிற டிரம் தட்டின் ஒலி மட்டும் சிலுசிலுவென்று கேட்டால் அந்த இசை வேண்டாம்.

இப்போது ஃபோல்டரில் 40 இசை இருக்கிறது. உண்மையில் போடுவது மூன்றுதான்.