பிள்ளையாருக்கு அடியில் இருந்த கறுப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கார் நிறுத்த ஒரே இடம்தான், அதுவும் கிழக்கு பார்த்து. விடிந்தது முதல் உச்சிவேளை வரை வெயில் முன்கண்ணாடி வழியே நேராக டேஷ்போர்டில் இறங்கும். 2009இல் வாங்கிய கார். கறுப்பு வினைல் மெல்ல மெல்ல அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் பசை விட்டுப்போன பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்தேன். அடியில் எட்டணா அகலத்துக்கு அசல் கறுப்பு! அதைப் பார்த்தபிறகு கை சும்மா இருக்கவில்லை.

வண்டி கழுவும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பளபளப்புத் திரவம் ஒன்றைத் தடவி அனுப்புவார்கள். சிலிக்கான் எண்ணெய்தான். இரண்டு நாள் மின்னும்; பிறகு எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதி முழுவதும் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதைவிடப் பெரிய கேடு, அந்த எண்ணெய்மேல் சாயம் ஒட்டாது.

ஆகவே உழைப்பெல்லாம் சுத்தம் செய்வதில்தான். சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு வினைலின் வரிவரியான பள்ளங்களைத் தேய்த்தேன். ஜார்ஜ் டவுன் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். முதல் துணி காப்பி டிகாக்‌ஷன் போல ஆனது. ஐந்தாவது துணிதான் வெள்ளையாகத் திரும்பியது. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவினால் போய்விட்டது.

சாயம் அடிப்பது அரைநாள் வேலை. கண்ணாடி, மீட்டர், ஏசி துவாரங்களைச் செய்தித்தாளாலும் டேப்பாலும் மூடி, கதவுகளைத் திறந்து வைத்து, வினைல் ஸ்ப்ரேயை மெல்லிசாக மூன்று முறை அடித்தேன். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள், ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துவிடும். ஏர்பேக் மூடியில் அடிக்கவே கூடாது. என் பழைய வண்டியில் அது இல்லை.

நிறம் திரும்பியது, மென்மை திரும்பவில்லை. வினைலை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெப்பத்தில் ஆவியாகி, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. போனது போனதுதான். எந்தத் திரவமும் அதை மீட்டுத் தராது, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இரண்டு கத்திரி வெயிலைத் தாண்டியும் கறுப்பு மங்கவில்லை. நிறுத்தியதும் வெயில் தடுப்பு அட்டை, மாதம் ஒருமுறை நீர் கலந்த பாதுகாப்புத் திரவம், அவ்வளவுதான் பராமரிப்பு. தோற்றது ஓர் இடத்தில் மட்டும். இடதுபக்கக் கண்ணாடி மூலையில் கை நுழையாமல் அவசரமாகத் துடைத்துவிட்டேன், சொட்டும் விட்டுப் பார்க்கவில்லை. அங்கே நகத்தளவு சாயம் உரிந்து, பழைய சாம்பல் எட்டிப் பார்க்கிறது.

பிள்ளையாரை அதன்மேல் உட்கார வைத்துவிட்டேன். கன்னிமூலையில் இருக்க வேண்டியவரை ஈசானிய மூலைக்குத் தள்ளிவிட்டேன் என்று அம்மாவுக்கு இன்றும் வருத்தம்.