காணி அலுவலகத்து மேப் கவுண்டர்: போனால் என்ன கிடைக்கும்?

அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்களின் முகத்தில் நான் அடுத்த வாரமும் விழிக்க வேண்டும். நல்லதாகவே எழுதினாலும் மேலிடத்தில் அவர்களிடம் விளக்கம் கேட்பார்கள். இலங்கையின் ஊவாப் பக்கம், ரயில் நிற்கிற ஒரு டவுன், காணி சம்பந்தமான ஓர் அரச நிறுவனத்தின் கிளை. இவ்வளவு போதும், போக வேண்டியவர்களுக்கு வழி தெரிந்துவிடும். அங்கே வரைபடங்களுக்கென்று தனியாக ஒரு பிரிவு திறந்திருக்கிறார்கள். பலகையில் மூன்று மொழியிலும் நீளமான பெயர். வருகிறவர்கள் எல்லோரும் மேப் கவுண்டர் என்றுதான் கேட்டு வருகிறார்கள்.

நான் பண்டாரவளையில் ஒரு தனியார் சர்வேயரிடம் பிளான் வரைகிறவள். அவர் மலையேறி அளந்துவிட்டு வருவார், நான் கணினியில் கோடு போடுவேன். எங்களுக்கு வரும் வேலையில் பாதி தோட்டத்து வீட்டுக் காணிகள். அதனால் இந்த விமர்சனம் அந்தக் கண்ணோடுதான் இருக்கும். கொழும்பிலிருந்து ஹோட்டல் கட்ட இடம் தேடி வருகிறவருக்கு இதே கவுண்டர் வேறு மாதிரித் தெரியலாம்.

தோட்டத்துக் காணி எப்படிப்பட்ட சிக்கல் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தின் அருமை புரியாது. 1972-இல் காணி மறுசீரமைப்புச் சட்டம் வந்தது. 1975 திருத்தத்தோடு கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. 1992-இல் நிர்வாகத்தை மட்டும் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள், நிலம் அரசுடையதாகவே இருந்தது. ஆகவே ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் பிரித்துக் கொடுப்பதென்றால் தோட்டத்து ஆபீசில் ஒரு மேப், காணி மறுசீரமைப்பு ஆணைக்குழுவின் ஃபைலில் ஒன்று, பிரதேச செயலகத்தில் ஒன்று, நில அளவைத் திணைக்களத்தின் பிளான் ஒன்று, மண்சரிவு பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மேப் ஒன்று என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் எல்லை இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டினால் அன்றைக்கு நல்ல நேரம்.

இந்தக் கவுண்டரின் வேலை, அத்தனையையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டுவது. கேட்க லேசாக இருக்கிறது. நான் எடுத்துப் போனது ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குக் கீழே, ஓடையை ஒட்டி, புதிய வீடுகளுக்கு ஒதுக்கிய துண்டு. உத்தியோகத்தர் அதைத் திரையில் எடுத்தார். ஓடைக்கரையில் மூன்று கோடுகள். சிவப்பு ஓடைக்கு அந்தப் பக்கம், நீலம் ஓடையின் நடுவே, கறுப்பு இந்தப் பக்கம் தேயிலைக்குள். மூன்றும் ஒரே எல்லையாம்!

இதுவரை நான் போன மற்ற இடங்களில் இந்தக் கட்டத்தில் கதை முடிந்துவிடும். "எங்ககிட்ட இருக்கிறது இதுதான், மத்தத நீங்க பாத்துக்கோங்க" என்பார்கள். இங்கே அவர் ஒவ்வொரு கோட்டையும் தட்டினார். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. யார் கொடுத்தது, எந்த வருடம், எந்த அளவுத்திட்டத்தில் வரைந்தது, எதிலிருந்து எடுத்தது. சிவப்புக் கோடு சங்கிலி போட்டு அளந்த காலத்துப் பழைய தோட்டப் பிளானை ஸ்கேன் பண்ணி இழுத்தது. துணியில் ஒட்டிய அந்தக் காலத்துத் தாள் வருடக்கணக்கில் சுருங்கியும் விரிந்தும் கிடந்திருக்கும். நீலம் 1:50,000 மேப்பிலிருந்து வந்தது. கறுப்புதான் அண்மையில் கருவி வைத்து அளந்தது. "செவப்பு பழசு மிஸ். அத வச்சிக் கல்லுப் போட வேணாம். கறுப்ப எடுங்க, நான் கையெழுத்து வச்சித் தாறன்" என்றார்.

நான் நட்சத்திரம் கொடுப்பது அந்தக் கையெழுத்துக்குத்தான். மேப் எல்லாரிடமும் இருக்கிறது, செயற்கைக்கோள் படம் போனிலேயே வருகிறது. எது கடைசிக் கோடு என்று பொறுப்பெடுத்துச் சொல்ல ஒருவர் இருந்ததில்லை. எத்தனை கோடி ரூபாய்க்கு மென்பொருள் வாங்கினாலும் அந்த ஆள் இல்லாவிட்டால் மூன்று கோடும் மூன்று கோடாகவே கிடக்கும்.

அடுத்தது ஆள்கூறு, அதாவது மேப்பில் ஓர் இடத்தைக் குறிக்கிற கிழக்கு, வடக்கு எண்கள். இதில் விழுந்து எழும்பாத பிளான்காரர் மலைநாட்டில் இல்லை. இலங்கைக் கட்டத்துக்கு மூலப்புள்ளி நம் பீதுருதலாகல மலைதான். பழைய கண்டாவல முறையில் அந்த மூலப்புள்ளிக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீட்டர் என்று எண் கொடுத்தார்கள். 1999-இன் புதிய முறையில் இரண்டுமே 500,000. பழைய எண்ணைப் புதிய முறையில் போட்டால் தோட்டம் முழுதும் இந்து சமுத்திரத்துக்குள் போய்விடும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆளை வீழ்த்துவது போன் ஜி.பி.எஸ். வாசிப்பை மாற்றாமல் அப்படியே கண்டாவல மேப்பில் வைப்பதுதான். நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும், ஆனால் இன்னமும் தேயிலைக்குள்ளேயே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. மலையில் நூறு மீட்டர் என்றால் ஓடை தாண்டி அடுத்த பிரிவு.

7 பேர்ச் என்பது 177 சதுர மீட்டர். சதுரமாக வெட்டினால் பக்கத்துக்கு 13 மீட்டர் சொச்சம். கோடு வெறும் 3 மீட்டர் நகர்ந்தாலே நாலில் ஒரு பங்குக்குக் கிட்டப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். நூறு ஏக்கர் தோட்டத்தில் 3 மீட்டரை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். இங்கே அது சமையலறை. பிந்திய திட்டங்களில் 10 பேர்ச் கொடுக்கிறார்கள், அப்போதும் கணக்கு பெரிதாக மாறாது. இந்தக் கவுண்டரில் கொடுக்கிற ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் எந்த ஆள்கூற்று முறை என்று அச்சிட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாத அலுவலகங்களின் தாள்கள் என் மேசையில் ஒரு கட்டு கிடக்கிறது.

மண்சரிவு மேப்பையும் கேட்டுப் பார்த்தேன். 2014 ஒக்டோபர் 29-க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் யாரும் வீட்டுக் காணி பற்றிப் பேசுவதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் அன்று காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்ன தாள் ஓரிடத்தில் இருந்தது, ஆட்களுக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டிய ஃபைல் வேறெங்கோ இருந்தது. மேப்புகளைச் சேர்த்து வைப்பது ஏதோ அலுவலகச் சுத்தம் என்று நினைக்கிறவர்கள் மீரியபெத்தைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

கவுண்டரில் அந்த அடுக்கைத் திறந்து காட்டினார்கள். கூடவே எச்சரிக்கையும் சொன்னார்கள், அது எனக்குப் பிடித்தது. 1:50,000 மேப்பில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 25 மீட்டர் அகலம். ஒரு லயத்தின் பாதி அந்தக் கோட்டுக்கு உள்ளேயே அடங்கிவிடும். 1:10,000 இருந்தால் அதே கோடு 5 மீட்டர். ஆகவே வீடு அபாயத்தைக் காட்டுகிற சிவப்பு நிறத்திலா மஞ்சளிலா என்று திரையைப் பார்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். கட்டுவதற்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் இடத்துக்கு வந்து பார்த்துக் கொடுக்கிற அறிக்கைதான் வேண்டும். கவுண்டரில் அதற்கு விண்ணப்பம் வாங்குவதில்லை, எங்கே போக வேண்டும் என்று மட்டும் எழுதித் தருகிறார்கள்.

சரி, இனி மனஸ்தாபங்கள்.

முதலாவது, தோட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. டவுனில் கடைத்தெருவின் ஒவ்வொரு கட்டடமும் இருக்கிறது. கிராமங்களில் வீடுகள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. தோட்டம் வந்ததும் ஒரே பச்சை. நான் நின்ற அன்று வீடமைப்புச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "எல்லாம் பச்சையா இருக்கே தாயி, நம்ம லயம் எங்க?" என்றார். ஓடை வளைகிற இடத்தையும் கோயிலையும் வைத்து, "இந்தா தாத்தா, இங்கதான் வரணும்" என்று விரலை வைத்தேன். "அப்ப ரோடு?" என்றார். ரோடும் இல்லை. லொறி போகிற ரோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ரோடு, ஒன்றும் இல்லை.

உத்தியோகத்தரிடம் கேட்டால், பிரதேச சபைகள் கொடுத்த ரோட்டைத்தான் போட்டோம் என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான். 1987-இன் பிரதேச சபைச் சட்டப்படி சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்ய வழியில்லாமல் இருந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகுதான் கதவு திறந்தது. சபையின் இடாப்பில் ஏறாத ரோடு சபை கொடுத்த மேப்பில் எப்படி வரும்? ஆனால் காரணம் தெரிந்தும் அப்படியே விட்டு வைப்பது நியாயமில்லை. தோட்டத்து ஆபீசில் லயம், ரோடு, மலை நம்பர் எல்லாம் போட்ட மேப் இருக்கிறது. இவர்கள் கூட்டுகிற மாதக் கூட்டத்துக்குக் கம்பனிகளிடமிருந்து ஆள் வருவதில்லையாம். வராவிட்டால் இவர்கள் போய் வாங்க வேண்டியதுதான். ஜீப் இருக்கிறது, முற்றத்தில் நிற்கிறது, நான் பார்த்தேன்.

இரண்டாவது, நிர்வாக எல்லைகள் பழசு. எங்கள் சர்வேயர் நோர்வூட் பக்கமும் வேலை எடுப்பார். நுவரெலியா மாவட்டத்தில் 5 ஆக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகளை 2019-இல் 10 ஆக்கி வர்த்தமானி வந்தது. நோர்வூட் அம்பகமுவவிலிருந்து பிரிந்தது அப்போதுதான். இவர்களின் திரையில் இன்னும் 5 பிரிவுதான். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் "இது எங்க பிரிவு இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். கோடுகளுக்கு வருடம் போட்டுக் காட்டுகிற அதே ஆட்கள் இந்த அடுக்குக்கு மட்டும் வருடம் போடாதது ஏனென்று விளங்கவில்லை.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரையில் சரியாகத்தான் வருகிறது. பிரின்ட் எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். என் தாளில் கொஸ்லந்தையின் 'கொ' மூன்று துண்டாக விழுந்திருந்தது. சிங்களமும் ஆங்கிலமும் அச்சுப் பிசகாமல் வந்தன. பழைய எழுத்துருவை மாற்றினால் தீர்ந்துவிடும், அரை நாள் வேலை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் வேறு. சுவரில் பெரிய சட்டம் போட்டு ஒரு படம் தொங்குகிறது. பெட்டி பெட்டியாக, அம்பு அம்பாக, எந்தத் திணைக்களத்திலிருந்து எந்தத் தரவு வந்து எங்கே சேர வேண்டும் என்று அழகாக வரைந்திருக்கிறார்கள். ஆனால் அது முழுவதும் உண்மையில் ஓடுவது அந்த ஒரே உத்தியோகத்தரின் தலைக்குள். அவர் தியத்தலாவையில் நில அளவைப் பயிற்சிக்குப் போயிருந்த வாரம் கவுண்டர் திறந்திருந்தது, பிரின்ட் விற்றார்கள், கோட்டைப் பற்றிக் கேட்டால் "சேர் வந்த பொறகு வாங்க" என்றார்கள். அவருக்கு இடமாற்றம் வந்தால் என்ன ஆகும்? கோடுகளுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைத்தவர்கள், கவுண்டருக்கு இரண்டாவது ஆளைப் பழக்க வேண்டாமா?

கட்டணம் நியாயம்தான், ரசீது கொடுக்கிறார்கள். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் கிடைக்கும். உட்கார வாங்கு இருக்கிறது, மின்விசிறி தேவைப்படாத ஊர். கோப்பாகக் கேட்டால் பி.டி.எஃப். மட்டும்தான் தருவார்கள். ஷேப்ஃபைல், அதாவது கணினியில் கோடுகளைத் திருத்தக்கூடிய மேப் கோப்பு, வேண்டுமென்றால் சர்வேயரின் கடிதம் கேட்கிறார்கள். பென்ட்ரைவ் வாங்க மாட்டார்கள், மின்னஞ்சல் முகவரியைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

5-க்கு மூன்றரை கொடுப்பேன். தோட்டங்கள் திரையில் ஏறிய அன்று நாலரை. தனியாக ஒரு வீட்டுக் காணிக்காகப் போகிறவர்கள் அடையாள அட்டையோடு பிளான் நம்பரையும், தோட்டத்தின் பதிவுப் பெயரையும், கிராம சேவகர் பிரிவின் பெயரையும் கொண்டு போங்கள். ஊரில் கூப்பிடுகிற பெயரை மட்டும் சொன்னால் தேடிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம், அவர்கள் அனுப்புகிற பி.டி.எஃப்.பை வெளியே கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுப்பதாக இருந்தால், தாளுக்கு ஏற்றபடி சுருக்க விடாதீர்கள், உள்ள அளவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். சுருங்கிவிட்டால் 1:1,000 என்று எழுதியிருந்தும் அடிமட்டம் வைத்து அளக்க முடியாது. ஏ3 தாள் அந்தக் கடையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.