ஒற்றைச் சிலிண்டர் ரேஸ் காருக்கு எந்த ஈசியூ? மைக்ரோஸ்குவிர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் கல்லூரி அணிகளில் பலவும் கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சினைத்தான் எடுக்கின்றன. எஞ்சின் கிடைப்பது சுலபம். அதோடு வரும் ஈசியூவை, அதாவது பெட்ரோலையும் தீப்பொறியையும் தீர்மானிக்கும் எஞ்சின் கம்ப்யூட்டரை, வைத்து ஓட்டுவதுதான் கடினம். ஏர்பாக்ஸ் மாறிவிடும், எக்ஸாஸ்ட் மாறிவிடும், விதிப்படி த்ராட்டிலுக்குப் பின்னால் காற்றைக் கட்டுப்படுத்தும் 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வேறு வரும். கம்பெனி ஈசியூவில் எழுதி வைத்த பெட்ரோல் டேபிளுக்கு இதெல்லாம் புரியாது. ஆகவே முழு எஞ்சினையும் தானே நடத்தும் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ ஒன்று வேண்டும். மாணவர் பட்ஜெட்டில் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: மைக்ரோஸ்குவிர்ட், ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ. மோட்டெக், லிங்க், ஹால்டெக் எல்லாம் நல்லவைதான். அந்தப் பணத்தில் இரண்டு செட் டயரும், எக்ஸாஸ்ட்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்டும் வாங்கலாம் என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் த்ராட்டிலை. 2017-க்கு முந்தைய 390 டியூக்கில் கேபிள் த்ராட்டில். 2017 மாடலிலிருந்து ரைடு-பை-வயர், அதாவது மோட்டார்தான் பட்டர்ஃப்ளையை (காற்றை விடும் தட்டை) திருப்பும். ஸ்பீடுயினோவுக்கு இந்த மோட்டாரை ஓட்டத் தெரியாது. மைக்ரோஸ்குவிர்ட்டுக்கும் தெரியாது, தனிக் கன்ட்ரோலர் வாங்கிச் சேர்க்க வேண்டும். ரஸ்இஎஃப்ஐயில் எலக்ட்ரானிக் த்ராட்டில் கன்ட்ரோல் ஃபர்ம்வேரிலேயே (போர்டில் ஓடும் நிரலிலேயே) இருக்கிறது. அதன் பல போர்டுகளில் மோட்டார் டிரைவரும் கூடவே வருகிறது. ரைடு-பை-வயரை அப்படியே வைத்துக்கொள்வது என்றால் பதில் இங்கேயே முடிந்தது: ரஸ்இஎஃப்ஐ.

ஆனால் வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? இந்த மாதிரிப் போட்டிகளுக்கான ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகளில் எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்குக் கெடுபிடி அதிகம். பெடலில் இரண்டு சென்சார் வேண்டும், இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் 100 மில்லிசெகண்டைத் தாண்டி நீடித்தால் பவரை வெட்ட வேண்டும், பிரேக்கும் த்ராட்டிலும் ஒருசேர அழுந்துகிறதா என்று பார்க்கப் புரோகிராம் இல்லாத தனி சர்க்யூட் வேண்டும். டெக் இன்ஸ்பெக்‌ஷனில் ஒவ்வொன்றையும் செய்து காட்டச் சொல்வார்கள். முதல் வருட அணிக்கு இது தேவையில்லாத பாரம். வேறு சிறிய பைக்கின் கேபிள் த்ராட்டில் பாடியைப் பொருத்திவிட்டால் மூன்று ஈசியூவும் மறுபடி போட்டியில் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் சரி.

இனி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மைக்ரோஸ்குவிர்ட் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்குவிர்ட் குடும்பத்தின் சின்னப் பிள்ளை. உள்ளே இருப்பது மெகாஸ்குவிர்ட் 2-வின் 16 பிட் பிராசஸர். இரண்டு இன்ஜெக்டர் அவுட்புட், இரண்டு இக்னிஷன் அவுட்புட். ஒற்றைச் சிலிண்டருக்குத் தாராளம். 35 பின் ஆம்ப்சீல் கனெக்டர், மூடிய பெட்டி, கிராங்க் சென்சார் சிக்னலைச் சீராக்கும் சர்க்யூட் உள்ளேயே உண்டு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் (மேனிஃபோல்டு) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் வெளியே தனியாக வைக்க வேண்டும். லேப்டாப்புடன் பேசுவது பழைய சீரியல் போர்ட் வழியாக. யுஎஸ்பி மாற்றி மட்டமானதாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது தொடர்பு அறுந்துகொண்டே இருக்கும். விலையும் இறக்குமதி வரியும் சேர்ந்தால் மூன்றில் இதுதான் ஒரு மாணவர் அணிக்குக் கையைக் கடிக்கும். சோர்ஸ் கோடு பார்க்கக் கிடைக்கும், ஆனால் உரிமப்படி அவர்களுடைய ஹார்டுவேரில்தான் ஓட்டலாம்.

ஸ்பீடுயினோவை ஆஸ்திரேலியாவின் ஜாஷ் ஸ்டூவர்ட் தொடங்கினார். மூளை ஆர்டுயினோ மெகா 2560, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். போர்டு டிசைன் திறந்தது, நீங்களே சாலிடர் செய்யலாம். போட்டிக்கு முந்தின இரவு எரிந்துபோனாலும் இன்னொரு மெகாவில் ஃபர்ம்வேரை ஏற்றி, டியூனை மறுபடி அனுப்பினால் வேலை முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே நான் இதன் பக்கம் சாய்கிறேன். 16 மெகாஹெர்ட்ஸ் 8 பிட் சிப் என்று சிலர் தயங்குவார்கள். எட்டு சிலிண்டருக்கு அந்தத் தயக்கம் நியாயம். ஒரு சிலிண்டருக்கு அந்த வேகம் மிஞ்சும். உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மெகா போர்டு வெறும் பின்களில் செருகி நிற்கும், பெட்டி நாம் செய்வது, ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு சொல்லவே வேண்டாம். ரப்பர் மவுன்டும் நல்ல பெட்டியும் இல்லாமல் இதைக் காரில் வைக்கக் கூடாது.

ரஸ்இஎஃப்ஐ ஆண்ட்ரே பெலோமுட்ஸ்கி தொடங்கியது. 32 பிட் எஸ்டிஎம்32 சிப், 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் வகை. யுஎஸ்பி நேரடியாக. லூவா மொழியில் சின்னச் சின்ன நிரல் எழுதி ரேடியேட்டர் ஃபேன், ஷிஃப்ட் லைட், கேன் பஸ் வயரிங் வழியாகப் பேசும் டேஷ்போர்டு எல்லாவற்றையும் இதிலேயே நடத்தலாம். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த மாணவர்கள் நிறைய இருக்கும் அணிக்கு இது விருந்து. ஆனால் ஃபர்ம்வேர் வேகமாக மாறும், செட்டிங் பெயர்கள் மாறும், ஆவணங்கள் சில இடங்களில் பின்தங்கி நிற்கும். ஓடும் ஒரு பதிப்பைப் பிடித்துக்கொண்டு சீசன் முடியும்வரை அதைத் தொடாமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும். டியூன் செய்தவர் படிப்பு முடிந்து போன பிறகு அடுத்த வருட ஜூனியருக்கு என்ன மிஞ்சும் என்பதையும் யோசியுங்கள். அந்த விஷயத்தில் நீண்ட மேனுவல் உள்ள மைக்ரோஸ்குவிர்ட்தான் முன்னால் நிற்கிறது.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று டியூனர்ஸ்டூடியோ மென்பொருள். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறாது. இலவசப் பதிப்பிலேயே எல்லா டேபிளையும் திருத்தலாம், ஆனால் வைட்பேண்டைப் பார்த்துத் தானாக விஇ டேபிளை (சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்ற டேபிளை) திருத்தும் ஆட்டோடியூன் வசதி காசு கொடுத்த பதிப்பில்தான். வாங்குங்கள். பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சாருடன் ஒரு வைட்பேண்ட் கன்ட்ரோலரும் வாங்குங்கள். ஈசியூவில் மிச்சம் பிடித்த பணம் போக வேண்டிய இடம் இதுதான். இன்னொரு பொது விஷயம்: இக்னிஷன் அவுட்புட்டைக் காயிலுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் இக்னைட்டர் உள்ளே இல்லாத காயில் என்றால் நடுவில் ஒரு இக்னைட்டர் கட்டாயம்.

சரி, இன்ஜெக்டர் கணக்கு. 373 சிசி முழுதாக நிரம்பினால் சுமார் 0.44 கிராம் காற்று. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரியத் தேவையான காற்றின் பங்கான 14.7-ஆல் வகுத்தால் 0.03 கிராம் பெட்ரோல், ஏறக்குறைய 0.04 சிசி. நிமிடத்துக்கு 200 சிசி தரும் இன்ஜெக்டர் இதை ஊற்ற 12 மில்லிசெகண்ட் எடுக்கும். 9000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்ற, இருப்பதே 13.3 மில்லிசெகண்ட். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் டெட் டைம் ஒரு மில்லிசெகண்டையும், ஃபுல் த்ராட்டிலில் கூடுதலாகக் கொடுக்கும் பெட்ரோலையும் சேர்த்தால் இடமே இல்லை. 300 சிசி இன்ஜெக்டர் என்றால் மூச்சு விடலாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்குச் சரியான விகிதம் 13.5 பக்கம், ஆக இன்னும் ஒன்பது சதவீதம் போல் கூடும். வைட்பேண்டில் ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) எண்ணை விட்டு, சரியான விகிதத்தை 1 என்று வைக்கும் லாம்டாவில் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது. ஃபுல் த்ராட்டிலில் 0.87 லாம்டா நல்ல தொடக்கம்.

லோடை, அதாவது எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறது என்பதை, எதை வைத்து அளப்பது என்பதில்தான் ஒற்றைச் சிலிண்டர் படுத்தும். மேனிஃபோல்டு அழுத்தம் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் குதித்து இறங்கும், மேப் ரீடிங் ஆடும். மைக்ரோஸ்குவிர்ட்டில் எந்தக் கோணத்தில் மேப்பைப் படிக்கலாம் என்று ஜன்னல் வைக்கலாம். ஸ்பீடுயினோவில் சுற்றின் சராசரி, சுற்றின் குறைந்தபட்சம் என்று தேர்வுகள் உண்டு. ரஸ்இஎஃப்ஐயும் கோணத்தை வைத்துச் சராசரி எடுக்கும். இவற்றில் எதிலும் நிலைக்கவில்லை என்றால் த்ராட்டில் கோணத்தையே லோடாக எடுக்கும் ஆல்ஃபா-என் முறைக்கு மாறுங்கள். ரெஸ்ட்ரிக்டருக்குப் பின்னால் காற்றைத் தேக்கி வைக்கும் நல்ல பிளீனம் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். அது பவருக்கும் வேண்டும்: 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் நொடிக்கு 74 கிராம் காற்று விடும், எஞ்சினின் சராசரித் தேவை 33 கிராம்தான், ஆனால் உறிஞ்சும் அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் தேவை பல மடங்கு எகிறும்.

விஇ டேபிளைத் தொடுவதற்கு முன் டைமிங் லைட்டை எடுங்கள். ஈசியூவில் இக்னிஷனை 10 டிகிரியில் நிறுத்தி, ஃபிளைவீல் குறியில் 10 தெரிகிறதா பாருங்கள்; தெரியாவிட்டால் ட்ரிகர் ஆங்கிளைத் திருத்துங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அந்தக் குறி நகர்ந்தால் கிராங்க் சென்சார் வயர்கள் தலைகீழாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 12.5-ஐத் தாண்டும் கம்ப்ரஷன் உள்ள எஞ்சின் இது, நாக் (கலவை தானாக வெடிப்பது) வந்தால் பிஸ்டன் தாங்காது. பவர் அளக்கும் டைனோவில் டார்க் ஏறுவது நின்ற இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்வாங்கி விடுங்கள்.

மிஸ்ஃபயர் ஆகும்போது எரியாத ஆக்சிஜனைப் பார்த்து வைட்பேண்ட் பொய்யாக லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். அந்த நேரத்தில் ஆட்டோடியூன் ஓடிக்கொண்டிருந்தால் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே போகும். ஐடிலுக்கும் குறைந்த ஆர்பிஎம்முக்கும் ஆட்டோடியூனை அணைத்துவிட்டுக் கையால் போடுங்கள்.

ஆல்ஃபா-என்னில் ஓட்டும் சென்னை அணிகளுக்கு இன்னொன்று. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஐந்து சதவீதம் வரை குறையும். த்ராட்டில் கோணத்துக்கு அது தெரியாது. மூன்று ஈசியூவிலும் காற்றழுத்தத்துக்கு ஏற்பப் பெட்ரோலைத் திருத்தும் பாரோ கரெக்‌ஷன் உண்டு. சென்னையிலேயே அதை ஆன் செய்து டியூன் செய்துவிட்டு வண்டியை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கரி டிராக்கில் முதல் ப்ராக்டிஸ் முழுக்க ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) ஓடும்.