"எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லாத மெடிக்கல்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் உள்ள சின்னக் கடை. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மாலையில் கூட்டம் வேறு. இருந்தாலும் 5க்கு 4 கொடுப்பேன்.

பாப்பாவுக்குக் காதில் சீழ். போன மாதம் கொடுத்த அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, அதனால் டாக்டர் இந்தமுறை கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த சிரப் எழுதினார். முதலில் நுழைந்த வேறொரு கடையில் (பேர் வேண்டாம்) பழைய அமாக்சிசிலினையே எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார், விலையும் கம்மி" என்றார்கள்.

இந்தக் கடை அக்காவிடம் கேட்டேன். "ஒண்ணு இல்லைங்க. கிருமி ஒரு என்சைமை விட்டு மருந்தை வெட்டிப் போட்டுருது. இந்த அமிலம் போய் அந்த என்சைமைப் பிடிச்சுக்கும், மருந்து தப்பிச்சிரும்." அமிலம் தனியாகக் கிருமியைப் பெரிதாகக் கொல்லாதாம். இரவு உட்கார்ந்து படித்தேன்: ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, 1981இல் அமாக்சிசிலினோடு சேர்த்து ஆக்மென்டின் என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இதே வேலையைச் செய்கிற என்மெடாசோபாக்டம் நம்ம சென்னை ஆர்க்கிட் கம்பெனி கண்டுபிடித்ததாம், 2024இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது! ஆனால் எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஒரு பாக்டீரியா) மாதிரிக் கிருமிகளிடம் கிளாவுலனிக் அமிலம் பலிக்காது, அவை மருந்து போய் ஒட்டுகிற இடத்தையே மாற்றிவிடுகின்றன.

வீடு ஏற்காடு என்றதும் அக்கா பாட்டிலைக் கலக்காமலே கொடுத்தார், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டில் போய்க் கலந்துகொள்ளச் சொல்லி. முதலில் பாட்டிலைத் தட்டி அடியில் கட்டியிருக்கும் பவுடரை உதிர்க்க வேண்டும், காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீதியைக் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். "எங்க ஊரே ஃபிரிட்ஜ் மாதிரிதானே, வெளியிலேயே வைக்கலாமா?" என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார் பாருங்கள். "ஃபிரிட்ஜுக்குள்ளதான், 7 நாள்தான். மிச்சம் இருந்தாலும் கொட்டிருங்க." கலந்தபின் சீக்கிரம் வீரியம் இழப்பது இந்த அமிலம்தானாம். வயிறு கொஞ்சம் இளகும், சாப்பிட ஆரம்பிக்கும்போதே கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார், அப்படியேதான் நடந்தது. சீழ் நின்றுவிட்டது.

அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைந்தது என்றால், போன வாரம் என் சளிக்கு இதே மருந்தின் 625 மாத்திரை நாலு கேட்டேன், அட்டையில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, சீட்டு எங்கே என்றார். கூட்டத்தில் மானம் போயிற்று. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன், அஞ்சு நாளில் சரியாகிவிட்டது.