லோ சுகருக்கு எது கைகொடுக்கும்: சாக்லேட்டா, சர்க்கரையா, குளுக்கோஸா?

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்லேட் இருக்கும், சுகர் இறங்கினால் போட்டுக்கொள்ள. போன வருஷம் ஒரு மதியம் சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரையைப் போட்டுவிட்டார், சாப்பாடு தள்ளிப்போனது. போய்ப் பார்த்தால், ஃபேனுக்குக் கீழே நெற்றி நனைய நின்றுகொண்டு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். "ஒண்ணுமில்ல, விடுடா" என்று எரிந்து விழுந்தார். மீட்டரில் 58. சாக்லேட்டைப் பிரித்துக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து 61. பிறகு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத்தான் ஏறியது.

70-க்குக் கீழே போனாலே லோ சுகர். 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, பசி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளங்கள். (பிபிக்கு அடெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வைதான் காட்டிக்கொடுக்கும்.) மீட்டர் கையில் இல்லையென்றால் லோ என்றே வைத்துக்கொண்டு 15 கிராம் இனிப்பு கொடுத்துவிடலாம். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை.

அந்த 15 கிராம் எதிலிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம். சாக்லேட்டில் இனிப்போடு கொழுப்பும் இருக்கிறது. அந்தக் கொழுப்பு, இனிப்பு வயிற்றிலிருந்து குடலுக்குப் போவதைத் தாமதப்படுத்தும். கடலை மிட்டாயும் கிரீம் பிஸ்கட்டும் இதே கதைதான். சூடான காபியை அவசரத்தில் மடமடவென்று குடிக்க முடியாது; அதிலிருக்கும் சர்க்கரையும் போதாது. இளநீரிலும் இனிப்பு குறைவுதான். ஓஆர்எஸ் பொடியைக் குளுக்கோஸ் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு டம்ளர் குடித்து ஒன்றும் ஆகாது.

பழச்சாறோ சாதாரண கூல்டிரிங்க்ஸோ 150 மில்லி குடித்தால் வேலை செய்யும். டயட், ஜீரோ என்று போட்டிருப்பவை உதவாது. வீட்டுச் சர்க்கரை மூன்று டீஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் மலிவு, நள்ளிரவிலும் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

எல்லோருக்கும் அல்ல. அன்று சாயங்காலம் அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரே மாத்திரையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்ளிபோஸ் என்று மூன்று மருந்துகள். கிளிமிபிரைடு சுகரை இறக்கிவிடக்கூடியது. வோக்ளிபோஸோ, நாம் சாப்பிடும் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தாமதப்படுத்துவது. அதாவது இறக்குவதும் ஏறவிடாமல் பிடித்துக்கொள்வதும் ஒரே மாத்திரைக்குள். அன்றைய சாக்லேட்டுக்குக் கொழுப்பு ஒரு தடை, இது இன்னொரு தடை. அகார்போஸும் இதே வகை. இவற்றை எடுப்பவர்கள் நம்ப வேண்டியது குளுக்கோஸைத்தான். அதை உடைக்க வேண்டிய வேலையே இல்லை, நேரே ரத்தத்தில் சேரும். மெடிக்கலில் சும்மா 'குளுக்கோஸ் பொடி' என்று கேட்டு வாங்கி, பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை போட்டவற்றில் சர்க்கரை கலந்திருக்கலாம். குவித்து மூன்று டீஸ்பூன் ஒரு வேளைக்கு. அது இல்லாத இடத்தில் தேன் ஒரு டேபிள்ஸ்பூன். தேனில் குளுக்கோஸ் ஏற்கெனவே பிரிந்தே இருக்கிறது.

பிஸ்கட்டுக்கும் இட்லிக்கும் முறை அப்புறம்தான் வருகிறது. சுகர் ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றால் வந்த லோ சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். அன்றே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆள் மயங்கிவிட்டால் இந்த ஒப்பீடே கிடையாது. வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறி மூச்சடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்; என்ன மாத்திரை என்று கேட்பார்கள், அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.